கடை வாசலில் உறுமிய மினிபஸ்

கடையைக் காலி பண்ணச் சொன்னவர் டாக்டர். அவரை மட்டும் நான் வையவில்லை. மற்ற எல்லோரையும் வைதேன்.

புதுக்கோட்டையில் மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் ஒரு முக்கு. அந்த முக்கில் என் தையல் கடை. இரண்டு மெஷின், ஒரு கட்டிங் டேபிள், ஆளுயரக் கண்ணாடி, அவ்வளவுதான் சொத்து. கல்யாணமாகி வல்லத்திராக்கோட்டைக்கு வந்து, வீட்டுக்குள் ஒரு பழைய மெஷினைப் போட்டு ஆரம்பித்து, அப்புறம் டவுனில் வாடகைக்கு இடம் பிடித்து, இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. டெய்லர் அக்கா கடை என்றால் அந்தத் தெருவில் யாரும் கை காட்டுவார்கள். போர்டில் வேறு பேர் எழுதியிருக்கிறது. அதை இதுவரை ஒருத்தரும் படித்ததாகத் தெரியவில்லை.

வாசலில் ஒரு புங்கமரம் நிற்கிறது. அந்த நிழலுக்கு ஆசைப்பட்டு எங்கள் ஊர் மினிபஸ் அங்கேதான் வந்து நிற்கும். காலையில் நான் கடைக்கு வருவதும் சாயங்காலம் வீட்டுக்குப் போவதும் அதில்தான். டிரைவர் என்னைவிட மூத்தவர், என்னைத் தங்கச்சி என்பார். கண்டக்டருக்கு முப்பது வயசு இருக்கும், கல்யாணமான பையன், அக்கா அக்கா என்று உயிரை விடுவான். இரண்டு பேரும் எனக்கு அன்னியமில்லை. அன்னியமில்லாதவர்களிடம்தானே தினமும் சண்டை போட முடியும்.

சண்டையெல்லாம் எஞ்சினைப் பற்றித்தான். வண்டி வந்து நின்ற நேரத்திலிருந்து கிளம்புகிற நேரம் வரைக்கும் எஞ்சினை அணைக்க மாட்டார்கள். டிரைவர் எதிரே டீக்கடையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார், வண்டி தன்பாட்டுக்கு உறுமிக்கொண்டு நிற்கும். நடுவில் வந்து ஏறி உட்கார்ந்து, இரண்டடி முன்னால் நகர்த்துவார், மறுபடி இரண்டடி பின்னால் கொண்டுவருவார். கண்டக்டர் தகரத்தைத் தட்டி, "ஏறு ஏறு, வண்டி கெளம்பியாச்சு" என்று கத்துவான். நம்பி ஏறியவர்கள் வேர்த்து விறுவிறுத்து உள்ளே உட்கார்ந்திருப்பார்கள். டிரைவர் இறங்கி மறுபடி பேப்பர் படிக்கப் போய்விடுவார்.

எங்கள் பக்கத்தில் இது ஒரு பாஷை. எஞ்சின் ஓடினால் வண்டி இப்போது கிளம்பும். அணைந்திருந்தால் டிரைவர் சாப்பிடப் போய்விட்டார், வேறு வண்டி பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். இதைத் தெரிந்துகொண்டு எல்லா வண்டிக்காரர்களும் எஞ்சினை ஓடவிட்டே நிறுத்தினார்கள். ஷேர் ஆட்டோக்காரர்களும் அப்படித்தான். ஆகவே எங்கள் முக்கில் விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிறவரை எல்லா வண்டியும் இந்தா கிளம்புகிறேன், இந்தா கிளம்புகிறேன் என்று சொல்லிக்கொண்டே நின்றது.

அதில் மினிபஸ்ஸின் புகைக்குழாய் சரியாக என் கடைப் படியைப் பார்த்து நிற்கும். கார்பன், பூமி சூடாகிறது என்றெல்லாம் சுடிதார் தைக்க வரும் காலேஜ் பிள்ளைகள் சொல்லும்போது எனக்கு அது எங்கோ நடக்கிற விஷயமாகத்தான் இருந்தது. எனக்குத் தெரிந்த கார்பன், வெள்ளை லைனிங் துணிமேல் படிகிற கரி. வெட்டி வைத்த துணியை ஒரு மணி நேரம் திறந்து வைத்தால் போதும், விரலால் கோடு போடலாம். ஒரு கல்யாணப் பெண்ணின் சந்தன நிற ஜாக்கெட்டில் கரி பட்டு, அதைத் துவைத்து, அயர்ன் பண்ணி, சாமியைக் கும்பிட்டுக்கொண்டு கொடுத்திருக்கிறேன்.

துணியில் படிந்தது நெஞ்சிலும் படியுமே, அது அப்போது உறைக்கவில்லை. முதலில் இருமல். பிறகு மாடிப்படி ஏறினால் இழுப்பு. பிறகு இன்ஹேலரை வாயில் வைத்து பஃப் அடிக்கிற நிலைமை. இதில் எனக்குப் பெரிய கேவலம் என்னவென்றால் வைய முடியாமல் போனதுதான். என் வாய் ஊரறிந்த வாய். நான் ஆரம்பித்தால் மீன் விற்கிற அம்மாவே கூடையை ஓரமாக வைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார். அப்படிப்பட்டவள், "ஏண்டா எஞ்சினை அணைச்சுத் தொலைஞ்சா என்னடா" என்று தொடங்கினால் பாதியிலேயே மூச்சு நின்றுவிடும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கண்டக்டர் மரியாதையாகக் காத்திருப்பான். "மெதுவா அக்கா. மூச்சு விட்டுட்டு அப்பறம் வைங்க, நான் எங்கிட்டும் போகலை" என்பான். அதைக் கேட்டு இன்னும் ஆத்திரம் வரும். ஆத்திரம் வந்தால் இன்னும் இழுக்கும்.

ஆவணி முகூர்த்த நேரம். மேசையில் துணி மலையாகக் குவிந்து கிடந்தது. மத்தியான வெயிலில் மினிபஸ் வந்து நின்று உறுமியது. நான் கைப்பட்டி தைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று நெஞ்சு அடைத்தது. பஃப் அடித்தேன், கேட்கவில்லை. இன்னொரு தடவை அடித்தேன். உள்ளே காற்று போகவே இல்லை. கத்தலாம் என்றால் சத்தம் வரவில்லை. மெஷின்மேல் அப்படியே கவிழ்ந்துவிட்டேன். செத்துப்போகப் போகிறோம் என்று நினைத்தேன். பயந்தேன், இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது.

நான் கவிழ்ந்து கிடந்ததைக் கண்டக்டர்தான் கவனித்தான். ஓடிவந்து பார்த்துவிட்டு டிரைவரைக் கூப்பிட்டான். இரண்டு பேரும் என்னைத் தூக்கி மினிபஸ்ஸிலேயே போட்டு, ஏறியிருந்த ஆட்களை இறக்கக்கூட நேரமில்லாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார்கள். மூக்கில் மாஸ்க்கை வைத்து மருந்தைப் புகைபோல உள்ளே விட்ட பிறகுதான் கண் திறந்தேன். வார்டு வாசலில் எங்கள் ஊர்ச் சனம் பையும் கூடையுமாக நின்றது. ஒருத்தி கறிவேப்பிலைக் கட்டோடு அழுதுகொண்டிருந்தாள். என் ஜாக்கெட் இன்னும் தைத்து வாங்கவில்லையே என்று அழுதாளா, எனக்காக அழுதாளா, இன்றுவரை நான் கேட்டுக்கொள்ளவில்லை.

வீட்டுக்காரர் கடலைக் காட்டிலிருந்து அப்படியே வந்துவிட்டார், காலெல்லாம் மண். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து நான்தான் பேசுவேன். டாக்டர் அவரிடம்தான் சொன்னார்: "மருந்து நான் குடுப்பேன். பொழுதன்னிக்கும் புகையில ஒக்காந்திருந்தா மருந்து என்ன பண்ணும்? இவங்க அந்த எடத்துல இருக்கக் கூடாது."

வரும் வழியிலேயே அவர் முடிவு பண்ணிவிட்டார். "கடை வேணாம். வீட்டுக்கு முன்னால ஷெட்டுப் போட்டுத் தாறேன். மெஷினை அங்க கொண்டாந்துருவோம்" என்றார்.

"அங்க எவ வந்து தைக்கக் குடுப்பா? ஆடு மாடா ஜாக்கெட் போடுது?" என்றேன்.

"ஆளு இருந்தாத்தான் கடை" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

ஊரில் நல்ல காற்று இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நல்ல காற்றை வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க நான் பிறக்கவில்லை. அந்த முக்கில் எனக்கு ஒரு பேர் இருக்கிறது. திருமயம் பக்கத்து ஆச்சிமார் சென்னையிலிருந்து திருவிழாவுக்கு வரும்போது அளவு ஜாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு என்னைத் தேடி வருகிறார்கள். கதவைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தால் நான் யார்? இந்த மனுஷருக்குப் பொண்டாட்டி, அவ்வளவுதான். நல்ல மனுஷர்தான். இருந்தாலும் அது எனக்குப் போதாது.

நான் அழுதுகொண்டிருந்த அந்த வாரத்திலேயே கடை இடத்துக்கு அவர் வேறு ஆளும் பார்த்துவிட்டார். அன்னவாசலில் பேக்கரி வைத்திருக்கிற ஒருத்தர், டவுனிலும் ஒன்று போடலாம் என்று இடம் தேடிக்கொண்டிருந்தார். தீபாவளித் துணியை முடித்துக் கொடுத்ததும் காலி பண்ணித் தருகிறோம் என்று வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்தார். எனக்குக் கெடு தீபாவளி.

கடைக்கு மறுபடி போனபோது வாயில் துணியைக் கட்டிக்கொண்டு தைத்தேன். கண்டக்டருக்கு என் முகத்தைப் பார்க்கக் கூச்சம். "என்னக்கா பண்றது, எஞ்சினை அணைச்சா சனம் ஷேர் ஆட்டோவுக்குப் போயிருது. கலெக்‌ஷன் கொறைஞ்சா மொதலாளி கேப்பாரு" என்றான். அவன் சொன்னதிலும் பொய் இல்லை. அதனால்தான் எனக்கு வழி தெரியவில்லை.

வழி வந்தது அவன் பொண்டாட்டியின் வளைகாப்பு ஜாக்கெட்டால். பச்சைப் பட்டு. கொடுத்து வெகு நாளாகிவிட்டது. ஒருநாள் வண்டியை உறுமவிட்டுவிட்டு உள்ளே வந்து கேட்டான்.

"முடிஞ்சிருச்சு தம்பி. ஊக்கு மட்டுந்தான் வைக்கணும். நாளைக்கு வாங்கிக்க" என்றேன்.

அவன் போகவில்லை. மேசையைப் பார்த்தான். அவன் பொண்டாட்டியின் பச்சைத் துணி அடுக்குக்கு நடுவே மடிப்புக் கலையாமல் இருந்தது. கத்திரியே படவில்லை. அதை உருவி எடுத்து என் முன்னால் வைத்தான்.

"ஊக்கு எங்கக்கா வைப்பீக?" என்றான்.

தையல்காரர்களுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. இன்னும் வெட்டவே இல்லை என்று சொன்னால் துணியைத் தூக்கிக்கொண்டு வேறு கடைக்குப் போய்விடுவார்கள். ஊக்கு மட்டும் பாக்கி என்றால் நாளைக்கு வருவார்கள், நாளை மறுநாள் வருவார்கள், திட்டிக்கொண்டே வருவார்கள், ஆனால் வருவார்கள். கை வைத்தாகிவிட்டது என்ற நம்பிக்கையில் பிடித்து வைப்பதுதான் தொழில். இதைத்தான் அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லும்போதே அவன் சிரிக்க ஆரம்பித்துவிட்டான்.

"இதைத்தானக்கா நானும் பண்றேன். ஒங்களுக்கு ஊக்கு, எனக்கு எஞ்சினு. என்னைய மட்டும் வையிறீகளே."

டீக்கடையிலிருந்து டிரைவர் வந்து, விஷயத்தைக் கேட்டுவிட்டு வாசல்படியில் உட்கார்ந்தார். "ஊருக்குச் சகுனம் சொன்ன பல்லி கூழுப்பானையில விழுந்துருச்சு" என்றார். இப்படி ஒருத்தர் என் கடையில் உட்கார்ந்து என்னைச் சொன்னதே இல்லை. ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"சரிடா. நான் இன்னியிலேருந்து ஊக்குன்னு சொல்ல மாட்டேன். துணி வெட்டலைன்னா வெட்டலைன்னே சொல்றேன். என்னைக்குத் தருவேனோ அந்தத் தேதியைத்தான் சொல்வேன். நீ எஞ்சினை அணைக்கிறியா?" என்றேன்.

அவன் டிரைவரைப் பார்த்தான். டிரைவர் என்னைப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்கு என்னைத் தூக்கிப்போன கை அவருடையது. "தங்கச்சி செத்துக் கித்துத் தொலைஞ்சா பாவம் நமக்கு. அணைச்சுப் பாப்பம்" என்றார்.

முதல் நாளே சந்தி சிரித்தது. எஞ்சினை அணைத்தார்கள், சரி. கிளம்புகிற நேரத்தில் சாவியைத் திருகினால் வண்டி உயிர் பெறவில்லை. வருஷக்கணக்காகப் பகலில் அணைத்தே பழக்கமில்லாததால் பேட்டரி காலையில் ஒரு தடவை கிளப்பத்தான் தாங்கும் என்பது யாருக்கும் தெரியவில்லை. இறங்கித் தள்ளினார்கள். கோயிலுக்குப் போகப் பட்டு வேட்டி கட்டி வந்த ஆளும் தள்ளினார், இலைக்கட்டு வைத்திருந்தவரும் தள்ளினார். ஷேர் ஆட்டோக்காரர்கள் கைதட்டினார்கள். நான் படியில் நின்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன், உள்ளுக்குள் பயம் வேறு. இன்றோடு இவன்கள் கைவிட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். டிரைவர் சரியான பிடிவாதக்காரர். மறுநாள் முதலாளியிடம் சண்டை போட்டுப் புது பேட்டரி போட்டுக்கொண்டு வந்தார்.

பேட்டரி வந்தாலும் சனம் வரவில்லை. வண்டி சத்தமில்லாமல் நிற்பதைப் பார்த்து, "டிரைவரு சாப்புடப் போயிட்டாரு போல" என்று ஷேர் ஆட்டோவில் ஏறிப் போனார்கள். ஏறி உட்கார்ந்தவர்களும் சத்தம் இல்லாததால் நம்பிக்கை போய் இறங்கினார்கள். கண்டக்டர் மூஞ்சி தொங்கிப் போனது. எனக்கும் அப்படித்தான். புதுசாக வந்த ஒருத்தியிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன், வெட்டவே பத்து நாளாகும் என்று. துணியை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு போனாள். உண்மை பேசுவதுபோல வியாபாரத்துக்கு ஆகாத காரியம் ஏதுமில்லை என்று அன்றைக்குக் கண்டக்டரும் நானும் சேர்ந்து புலம்பினோம்.

டிரைவர்தான் அதற்கும் வழி கண்டார். வண்டி கிளம்பும் நேரத்தைச் சாக்பீசால் பின் கண்ணாடியில் எழுதச் சொன்னார். எழுதியதோடு விடவில்லை. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த நேரத்துக்கு வண்டியை எடுத்தார். ஓடிவந்து கை காட்டினவர்களைக்கூட முதல் இரண்டு நாள் ஏற்றவில்லை, கல் நெஞ்சுக்காரர். முக்கியமாக, டீக்கடைப் பேப்பரை விட்டுவிட்டார். கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் போய் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்துகொள்வார், எஞ்சின் அணைந்தபடியே. சனம் பார்த்தது. எஞ்சினைப் பார்ப்பதை விட்டுவிட்டு டிரைவர் சீட்டைப் பார்க்கக் கற்றுக்கொண்டது. சீட்டில் ஆள் உட்கார்ந்தால் வண்டி கிளம்பும். புழுக்கத்தில் உள்ளே வெந்துகொண்டிருக்காமல், மர நிழலில் நின்று பேசிக்கொண்டிருந்துவிட்டு, அவர் ஏறினதும் ஏறினார்கள்.

புரட்டாசி பாதி ஆவதற்குள் அந்த வண்டிக்குக் கூட்டம் திரும்பிவிட்டது. டீசல் மிச்சமாவதைப் பார்த்த முதலாளி தன் மற்ற வண்டிகளுக்கும் அதையே சொன்னார். ஷேர் ஆட்டோக்காரர்களில் சிலர் இதற்குள் பேட்டரி வண்டிக்கு மாறியிருந்தார்கள், அவற்றில் உறுமலே கிடையாது. மற்றவர்களுக்கு உறுமிப் பிரயோஜனம் இல்லாமல் போனது, தாங்களாகவே அணைத்துவிட்டார்கள். உத்தமர்களாகிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன், காசு யாருக்குக் கசக்கும்? எதுவாக இருந்தால் என்ன, முக்கு அமைதியானது. முதன்முதலாக என் மெஷின் ஓடுகிற சத்தம் எனக்கே கேட்டது. பழைய மெஷினுக்கு எண்ணெய் விட வேண்டும் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

என் பங்கையும் நான் தட்டாமல் செய்தேன். சொன்ன தேதியில் கொடுத்தேன். ஓர் ஆச்சி ஜாக்கெட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, "என்ன உண்மையாவே தச்சுட்டியா?" என்று சந்தேகத்தோடு ஊக்கையெல்லாம் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். துணியைப் பிடுங்கிக்கொண்டு போனவளும் வந்தாள். அவள் போன கடையில் ஊக்கு மட்டும்தான் பாக்கியாம்.

மருந்தையும் ஒழுங்காக எடுத்தேன், அதையும் சொல்லத்தான் வேண்டும். வாயில் கட்டின துணி எப்போது கழன்றது என்று நினைவில்லை. ஆனால் வீட்டில் இதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. நல்லாயிருக்கிறது என்று சொல்லி, மறுபடி இழுத்துவிட்டால்? அவரும் கேட்கவில்லை. கொடுத்த வாக்கு அப்படியே நின்றது. தீபாவளி நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம், தைத்த துணியை எடுத்துக் கொடுக்க வீட்டுக்காரரும் கடைக்கு வந்திருந்தார். பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். பேக்கரிக்காரர் ஒரு கொத்தனாரையும் டேப்பையும் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுவரை அளந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃப்ரிட்ஜ் வைக்கலாம் என்றார். கட்டிங் டேபிளைக் காலால் தள்ளிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, ஆறுதல் சொல்கிறாராம், "ஒங்களுக்கும் முடியலை பாவம். சீக்காளியா இருந்துக்கிட்டு எதுக்குங்க இந்த லோலு? வீட்டுல படுத்து ரெஸ்ட் எடுங்க" என்றார்.

யாருய்யா சீக்காளி என்று ஆரம்பித்தேன். என் கடைக்குள் செருப்போடு வந்து என் மேசையைக் காலால் தள்ள நீ யாரு, ஃப்ரிட்ஜை வைக்கிறதுக்கு முன்னால் புத்தியைக் கொண்டுபோய் எங்கேயாவது வை, உன் அன்னவாசல் கடை பன்னை என் மெஷின் ஊசியால் குத்தினால் ஊசி முறியும், பத்துப் பதினைந்து கல்யாண வீட்டு ஜாக்கெட்டை ஒரே முகூர்த்தத்துக்குத் தைத்துக் கொடுத்தவள் நான், என்னைப் படுக்கச் சொல்ல உன்னை எந்த மகராசன் அனுப்பினான், இந்த முக்கில் நான் நூல் கோத்த நாளில் நீ மாவு பிசையக்கூடத் தெரியாமல் இருந்திருப்பாய் என்று போய்க்கொண்டே இருந்தது. கொத்தனார் டேப்பைச் சுருட்டிக்கொண்டு தெருவுக்கு இறங்கிவிட்டார். மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டார். மினிபஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் பக்கம் வந்து உட்கார்ந்தார்கள். பாவம் அந்த மனுஷர், நல்ல எண்ணத்தில் சொல்லியிருக்கலாம். எனக்கு அதெல்லாம் அப்போது தோன்றவில்லை.

எல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டுத் திரும்பினால், வீட்டுக்காரர் பொட்டலக் கயிற்றைக் கையில் பிடித்தபடி தலையைக் குனிந்து நின்றார். தோள் குலுங்கியது. சபையில் மானத்தை வாங்கிவிட்டேன் என்று நினைத்தேன். அல்லது சிரிக்கிறார் என்று நினைத்தேன். கிட்டே போய்ப் பார்த்தால் அழுதுகொண்டிருந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனுஷர் கண்ணில் நான் தண்ணீர் பார்த்ததில்லை.

"என்னங்க?" என்றேன்.

"நடுவுல நீ நிறுத்தவே இல்லை" என்றார்.

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். படபடப்பு இருந்தது, இழுப்பு இல்லை.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேக்கரிக்காரர் பக்கம் திரும்பினார். "வாக்குக் குடுத்தது நான். தப்பு என் தலையிலயே இருக்கட்டும். எடம் இல்லைங்க, மன்னிச்சுக்கங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். பேக்கரிக்காரர் போன பிறகு, மெஷினுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்தார்.

"இன்னங் கொஞ்சம் வையி, கேப்போம்" என்றார்.

வைய வேறு ஆள் இல்லாததால் அவரையே வைதேன்.